மணல்மேட்டில் மாடு மேய்ந்தால் மண்ணுக்கு என்ன ஆகும்? நெதர்லாந்துக் கடற்கரையை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

நெதர்லாந்தின் மேற்குக் கரையில் பெரும்பகுதி மணல்மேடுகள்தான். ஹார்லெம் நகரத்துக்கு மேற்கே அந்த மேடுகளுக்குள் நடந்தால் நீளமுடி மாடுகளும் சாம்பல் நிறக் குதிரைகளும் எதிரே வரும். ஊரிலிருந்து வருகிறவர்களை அங்கே கூட்டிப்போகும்போதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கடற்கரை மணலில் மாட்டுக்கு என்ன வேலை?

பால் கறக்க அல்ல. புல்லைத் தின்னத்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கடலை ஒட்டிய முதல் மேட்டைத் தாண்டி உள்ளே போனால், பாசியும், சாம்பல் படலமாகப் படரும் லைக்கனும், குட்டைப் புல்லும் சின்னச் சின்னப் பூச்செடிகளும் படர்ந்த பகுதி வரும். மேலே படிந்த லைக்கனால் அது சாம்பல் பூத்தாற்போல் தெரியும். அதனால் அதைச் 'சாம்பல் மணல்மேடு' என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்னுரிமை பெற்ற வாழிடங்களில் இதுவும் ஒன்று. கடந்த சில பத்தாண்டுகளில் இந்தக் குட்டைத் தாவரங்களை உயரமான புற்களும் புதர்களும் மூடிக்கொண்டன. டச்சுக்காரர்கள் 'டாய்ன்ரீட்' என்று சொல்லும் நாணல் போன்ற புல்தான் அதில் முக்கியமான எதிரி. அதை அடக்கவே கால்நடைகள் வந்தன.

மண்ணில் சத்து கூடினால் நல்லதுதானே? அதை ஏன் குறைக்கப் பார்க்கிறார்கள்?

விவசாயக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் முதலில் இடிக்கிற இடம் இதுதான். எனக்கும் இடித்தது. வயலில் ஒரே பயிர் நன்றாக வளர வேண்டும், அதனால் உரம் போடுகிறோம். மணல்மேட்டில் ஒரு சதுர மீட்டருக்குள்ளேயே இருபது, முப்பது வகைச் செடிகள் ஒன்றை ஒன்று அமுக்காமல் வாழ்கின்றன. அப்படி வாழ முடிவதே சத்து போதாததால்தான். யாருக்கும் வயிறு நிறையாத இடத்தில் யாரும் யாரையும் மிஞ்ச முடிவதில்லை. அங்கே தழைச்சத்து (நைட்ரஜன்) வந்து விழுந்தால், அதை வேகமாக உறிஞ்சி உயரமாக வளரத் தெரிந்த ஒன்றிரண்டு புற்கள் மட்டும் மேலே போகும். மற்றவை நிழலில் வெளிறிச் செத்துப்போகும். உரம் அங்கே விஷம் என்று சொன்னால் மிகை இல்லை.

யாரும் உரம் போடாத இடத்தில் தழைச்சத்து எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்து. நாட்டின் உள்ளே இருக்கும் மாட்டுப் பண்ணைகளிலிருந்தும் பன்றிப் பண்ணைகளிலிருந்தும் எழும் அமோனியா, வண்டிகளும் ஆலைகளும் கப்பல்களும் விடும் நைட்ரஜன் ஆக்சைடு, இரண்டும் மழையோடும் தூசியோடும் மண்ணில் இறங்குகின்றன. 1980களில் இது உச்சத்தில் இருந்தது. பிறகு குறைந்தது, ஆனால் போதுமான அளவுக்குக் குறையவில்லை. சாம்பல் மணல்மேடு தாங்கும் எல்லை என்று நெதர்லாந்தில் வைத்திருக்கும் கணக்கு, சுண்ணாம்புள்ள மண்ணுக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு சுமார் 15 கிலோ, சுண்ணாம்பு போன மண்ணுக்கு சுமார் 10 கிலோ. நம் நெல் வயலுக்குப் போடுகிற யூரியாவோடு ஒப்பிட்டால் இது ஒரு பிடி. ஆனால் அந்த ஒரு பிடி ஒவ்வோர் ஆண்டும் விழுந்துகொண்டே இருக்கிறது. 2019 மே மாதம் அந்த நாட்டின் உயர்நிலை நிர்வாக நீதிமன்றம், இயற்கைப் பகுதிகளில் விழும் நைட்ரஜனை எதிர்காலத்தில் குறைப்போம் என்ற நம்பிக்கையில் இன்றே அனுமதி கொடுத்துவந்த அரசுத் திட்டத்தைச் செல்லாது என்று தீர்த்தது. அதன்பின் வந்த விவசாயிகளின் டிராக்டர் மறியல்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சண்டையின் ஒரு முனை இந்த மணல்மேட்டுப் பூச்செடியில் இருக்கிறது.

மாடு புல்லைத் தின்றுவிட்டால் அந்தச் சத்து மண்ணைவிட்டுப் போய்விடும்தானே?

போகாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மாடு தின்னும் தழைச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் சாணமாகவும் மூத்திரமாகவும் அதே நிலத்தில் திரும்ப விழுகிறது. உடம்பில் தங்குவது கொஞ்சம்தான். மாட்டின் எடையில் நைட்ரஜன் சுமார் இரண்டரை சதவீதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ஹெக்டேரில் 10 மாடுகள் மேய்கின்றன. காற்றிலிருந்து ஹெக்டேருக்கு 15 கிலோ வீதம் ஆண்டுக்கு 1,500 கிலோ நைட்ரஜன் இறங்குகிறது. ஆண்டுக்கு 400 கிலோ எடையுள்ள இரண்டு மாடுகளை வெளியே ஓட்டிக்கொண்டு போனால் அவற்றோடு போவது 20 கிலோ. வந்ததில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை! மேய்ச்சல் வைத்தால் காற்றில் வரும் நைட்ரஜன் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள்.

இதை எனக்கு முதலில் புரியவைத்தது எந்தப் புத்தகமும் இல்லை, ராமநாதபுரம் பக்கத்தில் கிடை ஆட்டோடு அலைந்து வளர்ந்த என் சித்தப்பா. நான் அரை மணி நேரம் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "பகல்ல மேஞ்ச இடம் இளைக்கும், ராத்திரி படுத்த இடம் கொழுக்கும். இதுக்குத்தானப்பா கிடை போடச் சொல்லிக் காசு குடுக்குறாங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம். கீதாரிகள் கரட்டிலும் தரிசிலும் மேய்த்து, அறுவடை முடிந்த வயலில் இரவு மடக்குகிறார்கள். சத்து கரட்டிலிருந்து வயலுக்கு நடந்து வருகிறது. நெதர்லாந்தின் கிழக்கே திரேந்தே மாகாணத்திலும் பல நூற்றாண்டுகள் இதையேதான் செய்தார்கள். பகலில் புதர்க்காட்டில் செம்மறி மேய்த்து, இரவில் கொட்டகையில் அடைத்து, அந்த எருவை வயலுக்கு அள்ளினார்கள். அந்தப் புதர்க்காடுகள் அவ்வளவு ஏழையாக, அவ்வளவு அழகாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரவும் பகலும் மணல்மேட்டிலேயே இருக்கும் மாட்டிடம் அந்த வேலையை எதிர்பார்க்க முடியாது. மேய்ப்பர் வைத்து மந்தையை ஓட்டி, இரவில் வெளியே பட்டியில் அடைத்தால்தான் கொஞ்சமாவது சத்து வெளியேறும்.

திரும்ப விழுகிற சாணமும் மூத்திரமும் என்ன செய்யும்?

பரவலாக இருந்த சத்தைத் திட்டுத்திட்டாகச் சேர்க்கும். தழைச்சத்தில் பெரும்பகுதி மூத்திரத்தில் போகிறது, சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) அப்படியே. மணிச்சத்து (பாஸ்பரஸ்) சாணத்தில் தங்குகிறது. மூத்திரம் விழுந்த இடத்தில் தாவரங்கள் உறிஞ்ச முடியாத அளவுக்கு நைட்ரஜன் ஒரே நேரத்தில் சேரும். ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போய்விடும், ஒரு பங்கு நைட்ரேட்டாக மாறி மணலுக்குள் இறங்கிவிடும். மணல் எதையும் பிடித்துவைக்காதே. அந்த அளவில் இது ஓர் இழப்பு. ஆனால் மாடுகள் குறைவாக இருக்கும் இடத்தில் அதையும் பெரிதாகச் சொல்ல முடியாது.

குதிரை சில குறிப்பிட்ட இடங்களிலேயே திரும்பத் திரும்பச் சாணி போடும், அந்த இடத்தில் மேயவும் செய்யாது. அங்கே முட்செடியும் உயரப் புல்லும் கொழுத்து நிற்கும். கொஞ்சம் தள்ளி, மேய்கிற இடம் கம்பளம் போல் இருக்கும். சத்து ஒரு மேட்டுக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.

அப்படியானால் மேய்ச்சலால் பயனே இல்லையா?

இருக்கிறது. மேய்ச்சல் தருவது வெளிச்சம். உயரப் புல்லை யாரும் தின்னாமல் விட்டால் அது காய்ந்து சாய்ந்து, ஆண்டுக்கு ஆண்டு தடித்த மெத்தையாகச் சேரும். அந்த மெத்தைக்கு அடியில் எந்த விதையும் முளைக்காது. மாடு அதைத் தின்று, மிதித்து உடைத்துவிடுகிறது. மண்ணில் வெயில் படுகிறது. அதே தழைச்சத்து மண்ணில் இருந்தாலும், புல்லால் அதை வைத்து மற்றவற்றை நிழலில் அமுக்க முடியவில்லை.

சரி, மண்ணுக்குள் என்ன நடக்கிறது? இரண்டு எதிரெதிர் வேலைகள். சருகு குறைவதால், அது மக்கிச் சேரும் மட்கின் அளவும் மெல்லக் குறைகிறது. மறுபக்கம், திறந்த மண்ணில் சூடு ஏறுவதால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகி, இருக்கிற மட்கைச் சிதைத்துச் சத்தை வேகமாக விடுவிக்கின்றன. சாணம் ஏற்கெனவே அரைத்துச் செரித்த பொருள் என்பதால் சருகைவிடச் சீக்கிரம் மட்கும். எந்தப் பக்கம் வெல்லும் என்பது மண்ணையும் ஈரத்தையும் எத்தனை ஆண்டுகளாக மேய்ச்சல் நடக்கிறது என்பதையும் பொறுத்தது. அதனால்தான் ஓர் இடத்தின் ஆய்வு சத்து குறைந்தது என்றும் இன்னோர் இடத்தின் ஆய்வு கூடியது என்றும் சொல்கின்றன. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

செடிக்குள் இருக்கும் சத்தும் மாறுமா?

மாறும். மேய்ந்தபின் துளிர்க்கிற இளந்தளிரில் முற்றிய புல்லைவிட நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதிகம். அதனால் கால்நடைகள் மேய்ந்த இடத்துக்கே திரும்ப வரும், அந்தத் திட்டு எப்போதும் இளசாகவே இருக்கும். தாவரத்தில் இந்த இரண்டு சத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து எது தட்டுப்பாடு என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். எடையில் நைட்ரஜன் பாஸ்பரஸைப்போல் 14 மடங்குக்குக் குறைவாக இருந்தால் தழைச்சத்துதான் பற்றாக்குறை. 16 மடங்குக்கு மேல் போனால் மணிச்சத்து பற்றாக்குறை.

மணிச்சத்துக்கு இதில் என்ன பங்கு? எல்லோரும் நைட்ரஜனைப் பற்றியே பேசுகிறார்களே?

மணிச்சத்தைப் பற்றிப் பேசவேண்டிய அளவுக்குப் பேசுவதில்லை. டச்சுக் கரையில் பெர்கன் என்ற ஊர் ஓர் எல்லைக்கோடு. அதற்குத் தெற்கே மணலில் சிப்பித்தூளும் சுண்ணாம்பும் சில சதவீதம் உண்டு. வடக்கே அரை சதவீதம்கூடக் கிடையாது. கடல் கொண்டுவந்து போட்ட மணலே வேறு.

சுண்ணாம்பு உள்ள மணலில் மணிச்சத்து சுண்ணாம்போடு சேர்ந்து பூட்டிக்கொண்டு கிடக்கும். காற்றில் எவ்வளவு நைட்ரஜன் வந்தாலும், மணிச்சத்து இல்லாமல் புல்லால் ஓரளவுக்கு மேல் வளர முடியாது. அதுதான் பூட்டு. ஆனால் மழை ஆண்டுக்கு ஆண்டு மேல்மண்ணின் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. அமில மழை காலத்தில் இது இன்னும் வேகமானது. சுண்ணாம்பு கரையும்போது அதோடு பூட்டியிருந்த மணிச்சத்தும் விடுபடுகிறது. மண்ணில் இரும்பு இருந்தால் அது கொஞ்சத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். வடக்கே இரும்பும் குறைவு. அதனால் வடக்குப் பகுதியில் உயரப் புல் அவ்வளவு எளிதாக வென்றது. தெற்கே மேல்மண் மட்டும் அமிலமாகிப்போன இடங்களிலும் அதுவே நடக்கிறது.

மேய்ச்சல் இந்தப் பூட்டைத் திரும்பப் போடாது. புதுச் சுண்ணாம்பு மணல்தான் போடும். அதை மேலே கொண்டுவரத் தெரிந்த ஒரு பிராணி உண்டு.

அந்தப் பிராணி எது?

முயல். நீளக் கொம்புள்ள மாட்டைப் படம் எடுக்கிறவர்கள் யாரும் இதைப் படம் எடுப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம். டச்சு மணல்மேடுகளுக்கு முயல் இடைக்காலத்தில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் வந்தது. நூற்றாண்டுகளாகப் புல்லை ஒட்ட நறுக்கிக்கொண்டே இருந்தது. வளை தோண்டும்போது அடியிலிருக்கும் சுண்ணாம்பு மணலை வெளியே வாரிக் கொட்டுகிறது. அதில் கொஞ்சத்தைக் காற்று எடுத்துச் சுற்றிலும் தூவுகிறது. மேல்மண்ணின் அமிலம் குறைகிறது. புதர் முளைக்கும்போதே கடித்துவிடுகிறது. முளைத்து ஆளுயரம் வளர்ந்த புதரை மாட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. வளைக்குள் கூடு வைக்க வீட்டியர் என்ற சின்னப் பறவை வரும்.

1952ல் பிரான்சில் ஓர் எஸ்டேட்டில் முயல் தொல்லையைத் தீர்க்கவென்று மிக்ஸோமடோசிஸ் வைரஸை விட்டார்கள். அது ஒன்றிரண்டு ஆண்டுகளில் மேற்கு ஐரோப்பா முழுக்கப் பரவி, பெரும்பாலான முயல்களைக் கொன்றது. மெல்ல மீண்டுவந்த நேரத்தில், 1990ல் இன்னொரு வைரஸ், ரத்தப்போக்கு நோய், நெதர்லாந்துக்கு வந்தது. முயல் போனதும் காற்றில் வந்த நைட்ரஜன் தன் முழு வேலையைக் காட்டியது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததுதான் சாம்பல் மேட்டின் துரதிர்ஷ்டம். மாடும் குதிரையும் இப்போது செய்வதில் முக்கியமான ஒன்று, முயல் திரும்ப வருவதற்கு வழி திறப்பது. உயரப் புல்லுக்குள் முயல் வாழாது. மாடு குட்டையாக்கிக் கொடுத்த இடத்தில், நோய் விட்டுவைத்தால், முயல் வரும். அப்புறம் அது பார்த்துக்கொள்ளும்.

எந்தக் கால்நடைகளை விடுகிறார்கள்?

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் மாடு, போலந்தின் கோனிக் குதிரை, சில இடங்களில் செம்மறியும் வெள்ளாடும். ஹார்லெமுக்கு மேற்கே க்ரான்ஸ்ஃப்லாக் என்ற பகுதியில் 2007 முதல் ஐரோப்பிய காட்டெருதுகள் இருக்கின்றன, முதல் சில போலந்திலிருந்து வந்தவை. காட்டெருது மரப்பட்டையை உரித்துத் தின்னும், மணலில் புரண்டு புரண்டு வெற்றுக் குழிகளை உண்டாக்கும். குதிரை அடி வரை கத்தரிக்கும். மாடு நாக்கால் சுழற்றி இழுப்பதால் கொஞ்சம் உயரம் விட்டுவைக்கும். வெள்ளாடு, நமக்குத் தெரிந்ததுதான், புதரைத் தேடிப் போகும்.

புதரும் சத்தைக் கூட்டுமா?

டாய்ன்டோர்ன் என்ற முள்புதர் ஆரஞ்சு நிறப் பழங்களோடு பார்க்க அழகாக இருக்கும். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர், அவரைக் குடும்பச் செடிகளைப்போல், காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது. அந்தப் புதர் நின்ற இடத்தை வெட்டித் திறந்தாலும் சேர்ந்த தழைச்சத்து அங்கேயே இருக்கும், அதில் உயரமான முட்செடிகளும் முரட்டுப் புல்லும்தான் முளைக்கும்.

மேய்ச்சல் அதிகமானால்?

கெடும், இரண்டு வகையில். ஒன்று பழைய கதை. டென்மார்க்கின் வடமுனையில் ஸ்காகன் என்ற ஊரில், மரம் வெட்டியும் புல் பறித்தும் அளவுமீறி மேய்த்தும் மணலைக் கட்டிவைத்த வேர்கள் போனதால், புயல் மணல் ஊருக்குள் வந்தது. அங்கிருந்த தேவாலயத்தை மணலிலிருந்து தோண்டித் தோண்டிப் பார்த்து, 1795ல் கைவிட்டார்கள். இன்று கோபுரம் மட்டும் மணலுக்கு மேல் நிற்கிறது.

இன்னொன்று நம் காலத்தது. 1853 முதல் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிநீர் தரும் மணல்மேடுகளில், நம் புள்ளிமான் போன்ற ஃபாலோ மான்கள் வேட்டை இல்லாததால் பெருகி, மூவாயிரத்தைத் தாண்டின. மண் திறந்தது, புல் குட்டையானது, ஆனால் பூக்கிற எல்லாவற்றின் தலையையும் மான் கொய்துவிட்டது. பூ இல்லாமல் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உணவில்லை. 2016ல் மான்களைச் சுட்டுக் குறைக்கத் தொடங்கினார்கள். ஊருக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. மானைச் சுடுவது எனக்கும் கசக்கிறது. ஆனாலும் அந்த மேடுகளின் பூ இல்லாத வசந்தத்தைப் பார்த்தபின், அந்த முடிவைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

குளிர்காலத்தில் தீவனம் கொடுக்கலாமா?

கூடாது. வெளியிலிருந்து ஒரு கட்டு வைக்கோல் வந்தால்கூட அது உள்ளே வரும் சத்து. கிடை தலைகீழாகிவிடும். குடற்புழு மருந்தும் அப்படித்தான், ஐவர்மெக்டின் கொடுத்த மாட்டின் சாணத்தில் சாணிவண்டு வாழாது. வண்டு இல்லாவிட்டால் சாணம் மண்ணுக்குள் போகாமல் மேலேயே காய்ந்து கிடக்கும்.

நம் கரைக்கு இது பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. கோடியக்கரை ஒன்றைச் சொல்லலாம். வெளிமானுக்காக 1967ல் சரணாலயமானது, அங்கும் மணல்மேடு, அங்கும் காட்டுக் குதிரைகள். 2018 நவம்பர் கஜா புயலில் மான்களும் குதிரைகளும் நிறையச் செத்தன. அங்கே பிரச்சினை சீமைக் கருவேலம். டாய்ன்டோர்னைப்போல் அதுவும் வேரில் தழைச்சத்தைப் பிடிக்கும் மரம். குதிரைகள் அதன் இனிப்பான காயைத் தின்று, விதையைச் சாணத்தோடு புல்வெளியில் போடுகின்றன. ஹாலந்தில் புதரைத் தடுக்க விட்ட பிராணி, இங்கே புதரை விதைக்கிறது. எந்த விலங்கு, எந்தச் செடி என்று பார்க்காமல் மேய்ச்சல் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை என்று நான் நினைக்கக் காரணம் கோடியக்கரைதான்.

சத்தை உண்மையாகவே வெளியேற்ற என்ன வழி?

புல்லை அறுத்து அள்ளிக்கொண்டு போவது. ஹெக்டேருக்கு 2 டன் உலர்புல் அறுத்தால், அதில் ஒன்றரை சதவீதம் என்று வைத்தாலும் 30 கிலோ நைட்ரஜன் போகும். ஆனால் சரிவில் இயந்திரம் ஏறாது, எறும்புப் புற்றும் பாசியும் நாசமாகும். மேல்மண்ணையே சுரண்டி எடுப்பதும் உண்டு, மட்கு முழுவதும் போய்ப் புது மணல் தெரியும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. 2012, 2013ல் ஹார்லெமுக்கு மேற்கே உள்ள தேசியப் பூங்காவில், கடலோர முதல் மேட்டில் ஐந்து இடங்களில் வாய்க்கால் போல் வெட்டிவிட்டார்கள். கடலைத் தடுக்கவென்று நூற்றாண்டுகளாகப் புல் நட்டு நட்டு இறுக்கிவைத்த மேடு அது. இப்போது மேற்குக் காற்று அந்த வாய்களின் வழியே சிப்பித்தூள் கலந்த மணலை உள்ளே ஊதுகிறது. பின்னால் இருக்கும் மேடுகளில் அது மெல்லிய பொடியாகப் படிகிறது, பழைய பூட்டு மீண்டும் விழுகிறது. பலத்த காற்றடித்த மறுநாள் காலையில் போனால் பாசியின் மேல் வெள்ளை மணல் துகள்களைப் பார்க்கலாம். பக்கத்திலேயே, போன வாரம் இல்லாத ஒரு முயல் வளையும் இருக்கலாம்.